எழுந்து வா என்று கூப்பிட்டவன்

மார்ச் 6, வியாழன்

விடிந்ததிலிருந்து புழுக்கம். காயல் பக்கமிருந்து காற்றே இல்லை. சுக்குக் கிடங்குக்குப் போகவில்லை. மீனாவுக்கு நேற்று முதல் காய்ச்சல். மேல் துடைக்கலாம் என்று சட்டையைக் கழற்றினேன். வயிற்றில் முத்து. முதுகில் நிறைய.

மதினிக்குச் சொல்லி அனுப்பினேன். என் வீட்டுக்காரரின் அக்கா, இரண்டு வீடு தள்ளி. கார்ப்பரேஷன் துப்புரவு வேலை முடிந்து, சீருடைகூட மாற்றாமல் வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். மீனாவைப் பார்த்துத்தான் கும்பிட்டார். அஞ்சு வயசுக் குழந்தை, என்னவோ ஏதோ என்று அழ ஆரம்பித்துவிட்டது.

"தாயே, வந்துட்டியா. சிறுசுடி அது. பாத்து நட."

வேண்டியவை: வேப்பிலை, மஞ்சள், இளநீர், பழைய வேட்டி. தாளிக்கக் கூடாது. மீன் கூடாது. மருந்து கூடாது. கடைசியை மட்டும் மதினி திரும்பவும் சொன்னார்.

என் வீட்டுக்காரருக்கு லாரியில் கோயம்புத்தூர் லோடு. பூத்திலிருந்து கூப்பிட்டு, லாரி ஷெட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூத்தவன் கதிரை எங்கே அனுப்புவது? பரீட்சை வேறு. அம்மை வந்த வீட்டுப் பையனை யார் சேர்ப்பார்கள்.

மார்ச் 8, சனி

வெயில். இளநீர் விலை ஏறிவிட்டது.

மீனாவின் முகம் முழுக்க. இமைமேல்கூட ஒன்று. சொறியாமல் இருக்கக் கையில் துணி சுற்றி வைத்தேன்.

கதிரைப் பள்ளிக்கூடத்தில் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்து வீட்டு ஆமினாத்தாவும் இவனைச் சேர்க்கமாட்டாரோ என்று பயந்தேன். அவர்கள் வீட்டு டிவியில்தான் இவனுடைய கார்ட்டூன். ஆமினாத்தா மலையாளத்தில் சொன்னது: "என்றெ குட்டிகளுக்கு எல்லாம் வந்து போயி. அவன் வரட்டே."

ஜப்பான்காரன் கார்ட்டூன். பேச்சு இந்தியில். கதிருக்கு இந்தி தெரியாது, ஆனால் கதை முழுக்கத் தெரியும். தாரோ என்று ஒருவன், செருப்பில்லாதவன், சண்டை வித்தை படித்தவன். அவன் ஊர் ஆற்றை வானத்துச் சாமி ஒன்று குடித்துவிட்டது. இவன் மலை ஏறிப்போய் அதோடு மோதுகிறான். அந்தச் சாமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுவதுகூட இல்லையாம். சுண்டு விரலால் தட்டினால் இவன் மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுவான். திரும்ப ஏறி வருவான்.

"எதுக்குடா திரும்ப வாறான்? செத்துப் போவானே."

"அவனுக்கும் தெரியும்மா. எழுந்து வா, எழுந்து வான்னு கூப்பிட்டுட்டே இருப்பான். சாமிக்கு அதுதான் எரிச்சல்."

சாமிக்கு எரிச்சல் மூட்டுகிற கதையை எல்லாம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். அதுவும் இந்த நேரத்தில். போகாதே என்று சொல்லலாம். போகாவிட்டால் நாள் முழுக்க மீனா பக்கத்தில் உட்கார்ந்திருப்பான், அது அதைவிட மோசம்.

மார்ச் 9, ஞாயிறு

இதை எழுதவே கை வரவில்லை. கதிருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும், தமிழ் எழுத்து வராது. அதனால் எழுதுகிறேன்.

சாயங்காலம் மீனா எரிகிறது எரிகிறது என்று கத்திக்கொண்டிருந்தாள். மதினி வேப்பிலையால் வீசிக்கொண்டிருந்தார். கதிர் கார்ட்டூன் பார்த்துவிட்டு வந்தான். வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்குகிறதே, அதற்கு முன்னால் நின்றான். காலை அகட்டி, முஷ்டி மடக்கி. முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

"நீ பெரிய ஆளுன்னா எழுந்து வா. மீனா சின்னப் பொண்ணு. அவள விட்டுட்டு என்கிட்ட வா. எனக்கு பேடியில்ல."

பயம் என்பதற்கு அவனுக்கு மலையாளச் சொல்தான் வரும்.

மதினி கையிலிருந்த வேப்பிலை கீழே விழுந்தது. ஓடிப்போய் அவன் வாயைப் பொத்தினேன். என் விரலைத் தள்ளிவிட்டு இன்னொரு தடவை சொன்னான், "வா."

மதினி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மெதுவாக, "அவ கேட்டுட்டா சாந்தி" என்றார். "வீட்டுக்குள்ள இருக்கிறவளுக்குக் கேக்காம இருக்குமா?"

மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். ஒரு ரூபாய் முடிந்து வைத்தேன். பிள்ளை தெரியாமல் சொல்லிவிட்டது, தெரியாமல் சொல்லிவிட்டது. அவன் தெரிந்துதான் சொன்னான். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

மார்ச் 10, திங்கள்

மீனாவுக்கு இருமல். கஞ்சி வேண்டாம் என்கிறாள்.

வீட்டுக்காரர் போனில் கிடைத்தார். பூத்தில் பின்னால் ஆள் நின்றதால் முழுக்கச் சொல்ல முடியவில்லை. "அக்கா சொல்றதக் கேளு, அவங்களுக்குத் தெரியும்" என்றார். அவருக்கும் குரல் சரியில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். மருந்துச் சீட்டின் பின்பக்கம். அப்புறம் ஒட்டிக்கொள்ளலாம்.

காலையில் மீனா மூச்சு விடும்போது விலா எலும்புக்கு நடுவில் குழி விழுந்தது. உதடு கருநீலம். கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொண்டாள்.

மதினி கதிரைப் பிடித்து இழுத்து வந்தார். "விழுந்து கும்பிடு. தப்புன்னு சொல்லு. உன்னாலதான்."

அவன் விறைத்து நின்றான். நானும் அவன் கழுத்தைப் பிடித்து அமுக்கினேன். அப்போது கேட்டான், "நான் குனிஞ்சா மீனாவ விட்டுருவாளா? அத்தை, நீ சத்தியம் பண்ணு. பண்ணினா குனியறேன்."

மதினி வாயைத் திறந்தார். சத்தியம் வரவில்லை. என்னைப் பார்த்தான். எனக்கும் வரவில்லை. அவன் கழுத்து என் கைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. பேடியில்லை என்று சொன்ன பிள்ளை.

கையை எடுத்தேன். வேட்டியோடு மீனாவைச் சுருட்டித் தூக்கினேன். மதினி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"மதினி, வழி விடுங்க."

"என் செல்வத்த நானும் இப்படித்தான் தூக்கிட்டுப் போனேன். இதே அம்மை. துணியில சுத்தித் திருப்பித் தந்தாங்க. அவ இருக்கும்போது கொண்டுபோகக் கூடாது சாந்தி. எனக்குத் தெரியும்டி."

மதினிக்கு ஒரு பையன் இருந்து போய்விட்டான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எப்படி என்று இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. கால் அப்படியே நின்றுவிட்டது. தப்பு செய்கிறேனோ. இவர் அனுபவித்துச் சொல்கிறாரே.

மீனா மூச்சு இழுத்த சத்தம். பம்பில் தண்ணீர் வராமல் காற்று வருகிற சத்தம்.

வேப்பிலையைப் பார்த்துச் சொன்னேன், சத்தமாகவே: "நான் பிள்ளையக் கொண்டு போறேன். கோபம்னா என்கிட்ட காட்டு தாயே. பிள்ளைங்க கிட்ட காட்டாதே."

மதினி நிலையிலிருந்து கையை எடுத்தார். கதிரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவனை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

ஆட்டோக்காரன் முத்தைப் பார்த்ததும் வரமாட்டேன் என்றான். ஆமினாத்தா முன்சீட் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நினக்கு மக்களில்லேடா? எடுக்கு வண்டி!" எடுத்தான். அவரும் தட்டத் துணியைத் தலையில் முக்காடாகச் சரி செய்துகொண்டு என்கூட ஏறிவிட்டார். தோப்பும்படி பாலத்தில் வண்டிகள் நெருக்கி நின்றன. மீனா மூக்குக்குக் கீழே என் விரலை வைத்தபடியே எர்ணாகுளம் வரைக்கும் வந்தேன்.

டாக்டர் சின்ன வயசுப் பெண். ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டார். நெஞ்சில் இறங்கியிருக்கிறதாம். நிமோனியா. மூக்கில் குழாய், கையில் ஊசி. பிழைப்பாளா என்று கேட்டதற்கு, "நோக்காம்" என்றார். பார்க்கலாம். அவ்வளவுதான்.

மார்ச் 13, வியாழன்

தனி வார்டு. ஒருவருக்குத்தான் அனுமதி. ஃபேன் சத்தம்.

ஊசி மாற்றினார்கள். காய்ச்சல் அப்படியே இருக்கிறது. கண்ணை மூடினால் மதினி வாசலில் நிற்கிறார்.

இன்னொரு பயமும் இருக்கிறது. கதிரை மதினியிடம் விட்டுவிட்டு வந்தேனே, என்ன செய்கிறாரோ? சூடு கீடு வைத்துப் பரிகாரம் என்று... சே, அப்படிப்பட்டவர் இல்லை. இருந்தாலும்.

மத்தியானம் மீனா கண்ணைத் திறந்து, "அண்ணன் எவிடெ?" என்றாள். எங்கே என்பது அவளுக்கும் மலையாளத்தில்தான் வரும். பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்தார். எனக்கு அழுகை நிற்கவே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

வீட்டுக்கு வந்தாயிற்று. வீட்டுக்காரரும் லோடை வேறு ஆளிடம் மாற்றிவிட்டு வந்துவிட்டார். மீனாவைத் தூக்கியவர் இறக்கிவிடவே இல்லை.

வீடு கழுவியிருந்தது. வாசலில் புது வேப்பிலை. மதினி வரவில்லை. அவர் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

கதிர் மெலிந்திருக்கிறான். அத்தை அடித்தாரா என்று கேட்டேன்.

"இல்ல. தோசை சுட்டுத் தந்தா. பெட்டியிலேர்ந்து ஒரு சின்னச் சட்டை எடுத்துக் காட்டினா. செல்வம் அண்ணனுடையதாம். அப்புறம் அழுதா. நான் ஒண்ணும் பண்ணலம்மா."

மார்ச் 22, சனி

வந்துவிட்டது.

காலையில் தலை துவட்டிவிடும்போது, கதிரின் காதுக்குப் பின்னால். கழுத்தில் இன்னொன்று, தண்ணீர் கோத்து.

ஒட்டும் வியாதி, அடுத்தவனுக்கும் வரும் என்று அந்த டாக்டர் பெண் சொல்லித்தான் அனுப்பினார். தெரியும். தெரிந்தும் உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் காட்டு என்று சொன்னேனே. ஆனால் அவன் எனக்கு முந்திக் கேட்டுவிட்டான்.

அவனுக்குச் சந்தோஷம்! கண்ணாடியில் பார்த்துக்கொண்டு, மதில்மேல் ஏறி ஆமினாத்தா பிள்ளைகளிடம் கத்துகிறான்: "அவ எழுந்து வந்துட்டா! மீனாவ விட்டுட்டு என்கிட்ட வந்துட்டா!"

இறக்கிக் கொண்டுவந்தேன்.

சத்தம் கேட்டு மதினி வந்தார். அன்றைக்குப் பிறகு இப்போதுதான். அவன் கழுத்தைப் பார்த்தார். சேலை முந்தானையில் ஒரு கொத்து வேப்பிலையை முடிந்துகொண்டார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஆட்டோ கூப்பிடு. இப்பவே போவோம். நானும் வாறேன்."

"மதினி..."

"அவளும் கூட வரட்டும். வழியில விட்டுட்டா போக முடியும்?"

ஆஸ்பத்திரி வாசலில் மதினிக்குக் கால் எழவில்லை. படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நானும் கதிரும் உள்ளே போய் வரும்வரை அங்கேயே. மாத்திரை தந்திருக்கிறார்கள். மூச்சு வாங்கினால் உடனே கொண்டுவர வேண்டும்.

மார்ச் 24, திங்கள்

மேகமூட்டம், மழை இல்லை. மீனாவுக்கு வந்ததைவிட அதிகம். வாய்க்குள்ளும் வந்திருக்கிறது, தண்ணீர் விழுங்க முடியவில்லை. காய்ச்சல் கொதிக்கிறது.

ஆமினாத்தா மதில் பக்கம் வந்து கார்ட்டூன் ஆரம்பிக்கப் போகிறது, ஜன்னலைத் திறந்து சத்தமாவது வைக்கட்டுமா என்று கேட்டார். கதிர் தலையை ஆட்டினான். வேண்டாம்.

வீட்டுக்காரர் சாயா போட்டுக் கொடுத்துவிட்டு வெளியே போய் நிற்கிறார். உள்ளே வந்தால் கண் கலங்குகிறது.

நாலு மணி வாக்கில் கதிர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தான்.

"அம்மா, அவ ரொம்பப் பெரிசு."

"ம்."

"நான் தோத்துட்டேன்னு சொல்லிரு அவகிட்ட."

சொல்லிவிடலாம். வேப்பிலை ஒரு கை தூரத்தில்தான் இருக்கிறது. சொன்னால் விட்டுவிடுவாளோ என்னவோ. சொல்லாவிட்டால்? சொன்னபிறகும் விடாவிட்டால்? அன்றைக்கு மதினி வாயில் வராத சத்தியம் ஞாபகம் வந்தது.

"நீ தோக்கல. உனக்குக் காய்ச்சல். அவ்வளவுதான்."

"பேடியாகுதும்மா."

"எனக்கும்தான்டா."

மதினி கேட்டுக்கொண்டே இருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். வீசினார். கை மாற்றி மாற்றி வீசினார்.

மார்ச் 26, புதன்

வியர்த்தது. தலையணை நனைந்தது. தொட்டால் சூடு இல்லை. திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்க்கிறேன், அவன் எரிச்சல்படுகிறான். எரிச்சல்படட்டும்.

கஞ்சி, அரை கிண்ணம். மூச்சு நன்றாக இருக்கிறது.

ஆனால் என்னால் கும்பிட முடியவில்லை. நன்றி சொல்ல வாய் வருகிறது. கூடவே அவளை ஏச ஒரு வார்த்தையும் வாயில் வருகிறது. அது வந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

காலையில் மழை, கோடை மழை, பத்து நிமிஷம். கிடங்கிலிருந்து கூப்பிட்டுவிட்டார்கள், திங்கள் முதல் போகவேண்டும். பரீட்சை எழுதாவிட்டாலும் பள்ளிக்கூடத்தில் கதிரை நாலாம் வகுப்புக்குத் தள்ளிவிடுவார்களாம்.

தலைக்குத் தண்ணீர் விட்டாயிற்று, இரண்டு பேருக்கும். வேப்பிலையை இறக்கி ஓடையில் விட்டோம். பிறகு மாரியம்மன் கோவில். மதினி, நான், பிள்ளைகள். வீட்டுக்காரர் வெளியே செருப்புகளுக்குக் காவல்.

மதினி மாவிளக்கு போட்டார். பூசாரி பேர் கேட்டபோது மீனா, கதிர் என்று சொல்லிவிட்டு, கொஞ்சம் நின்று, செல்வம் என்றும் சொன்னார். பூசாரி அதையும் சேர்த்துச் சொன்னார்.

தீபாராதனை. எல்லோரும் கண்ணை மூடினார்கள். எனக்கு மூட முடியவில்லை. கதிரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவனும் மூடவில்லை. முகமெல்லாம் கருப்புப் பொருக்கு. கையைத் தொங்கப்போட்டபடி அவளை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றான். கும்பிடு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. மதினியும் ஓரக்கண்ணால் பார்த்தார். அவரும் சொல்லவில்லை.

பிறகு அவன் உதடு அசைந்தது. அவளிடம் ஏதோ சொன்னான். மணிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை.

திரும்பி வரும் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தான். என்னடா சொன்னே என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.