பூசானில் பிடித்த பந்து

தாசோம் அம்மாவுக்கு,

நீங்கள் எல்லோரும் சுகம்தானே? அப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? மலைக்காற்றில் அவரை வெளியே விடாதே. நான் நன்றாகவே இருக்கிறேன்.

ஞாயிறன்று எங்கள் கப்பல் பட்டறை ஆட்கள் எல்லோரும் பூசானுக்குப் போனோம். காலையில் கடலோரக் கோயில், மதியம் மீன் சந்தை, சாயங்காலம் பேஸ்பால் ஆட்டம். ஆட்டத்தின் நடுவில் மட்டையில் பட்டு எகிறிய பந்து ஒன்று நேராக என் கைக்கே வந்து விழுந்தது. உள்ளங்கை கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அவ்வளவுதான். தாசோமுக்கு ஆகட்டும் என்று பையில் போடப் போனேன். அதற்குள் அரங்கமே "புள்ளைக்குக் குடு, புள்ளைக்குக் குடு" என்று கத்த ஆரம்பித்துவிட்டது. பூசானில் அதுதான் வழக்கம், யார் பந்தைப் பிடித்தாலும் பக்கத்திலிருக்கும் குழந்தைக்குக் கொடுத்துவிட வேண்டும். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி திரும்பி என் கையையே பார்த்தாள்.

பக்கத்து இருக்கை அம்மாள் காய்ந்த கணவாயை மென்றுகொண்டே, "காது கேக்கலையா தம்பி?" என்றார்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கும்மா."

"எங்க?"

"ஊர்ல."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். "அப்ப அவளை இங்க கூட்டிட்டு வா. எவன் பந்தைப் பிடிச்சாலும் உன் பொண்ணுக்காக நாங்க கத்துறோம்."

கொடுத்துவிட்டேன்.

தாசோமின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்கப் போனேன், அளவு சொல்லத் தெரியவில்லை. மிளகாய்ப்பொடியும் கொஞ்சம் வை. சங்கு ஊதிவிட்டது, ஓட வேண்டும். கோடை விடுமுறைக்கு இரண்டு பேரும் வந்துவிடுங்கள், ஆட்டத்துக்குப் போவோம். அன்றைக்கு அரங்கத்தில் முதலில் கத்துவது நானாகத்தான் இருக்கும்.

தாசோமின் அப்பா