கலஹா தோட்டத்துப் பெரியவர்

சுபாஷினி,

சோறு குக்கரில் இருக்கிறது, பருப்பை மட்டும் சூடாக்கிக்கொள்.

சனிக்கிழமை நீ மறந்துவிட்டுப் போன சாப்பாட்டோடு கலஹா தேயிலைத் தோட்டத்துக்கு வந்தேன். நடமாடும் கிளினிக்கில் ஒரு பெரியவருக்குப் பிரஷர் பார்த்துவிட்டு, அவர் கையை விடாமல், "ராத்திரி நல்லா தூங்குனீங்களா, ஐயா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாய். முன்பின் தெரியாத அந்த மனுசன்மேல் எனக்குப் பொறாமை வந்துவிட்டது. சாப்பாட்டை கிளினிக் வேன் டிரைவரிடம் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். மூன்று நாளாக உன்னோடு முகம் கொடுத்துப் பேசாததற்கு அதுதான் காரணம்.

இன்று காலை தலை சுற்றியது. டவுனில் டாக்டரிடம் காட்டினேன். பிரஷர் நூற்றெண்பதாம். "வீட்டில யாரும் கவனிக்கிறது இல்லையா?" என்று கேட்டார். என் மனைவி நர்ஸ் என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

மருந்து வாங்கப் போகிறேன்.

யோகராஜா

நாளை ஹுன்னஸ்கிரிய கிளினிக்குக்கு உனக்குப் பதிலாக வேறு யாரையாவது அனுப்பச் சொல். டாக்டர் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். தனியாகப் போக எனக்குப் பயமாக இருக்கிறது.