இரண்டாம் கியரில் இறங்கிய வாரம்

மார்ச் 14, திங்கள்

வெயில் ஏறிவிட்டது. காலையிலேயே முதுகு எரிச்சல். கத்தரிக்காய் எட்டு மூட்டை, பூசணி, வாழைத்தார், எல்லாம் மலைக் கோயிலுக்குப் போய் இறங்கியாயிற்று. எங்கள் சின்ன லாரி பத்திரமாகத் திரும்பியது. பத்திரம் என்று எழுதக் கை கூசுகிறது. தெருமுனையில் பிரேக் போட்ட கீச்சலில் எதிர்வீட்டு மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

டிரைவர் தேசப்பனைக் கேட்டேன். "சத்தம் வந்தா பிரேக் புடிக்குதுன்னு அர்த்தங்க்கா. சத்தம் நின்னாத்தான் பயப்படணும்."

மூட்டை சரிந்து கால் ஒடிந்து கட்டிலில் கிடக்கும் என் வீட்டுக்காரரும் அதையே சொன்னார். இரண்டு பேரும் ஒரே வாத்தியாரிடம் படித்தவர்கள் போல.

வெள்ளிக்கிழமை வரதய்யபாளையத்திலிருந்து தங்கச்சி குடும்பம். அவள் பேரனுக்கு முடி இறக்க. பிள்ளை குட்டியோடு பதினான்கு உருப்படி, நம் வண்டியிலேதான் மலைக்கு. கத்தரிக்காய் உருண்டால் பொறுக்கிக்கொள்ளலாம். இவர்களை?

மார்ச் 15, செவ்வாய்

வாங்க: நல்லெண்ணெய், திரி, அவருக்கு வெற்றிலை.

மெக்கானிக் நாகய்யா நான்கு சக்கரத்தையும் கழற்றி, தூசியை ஊதி, மாட்டினார். "ஏம் காதுலேம்மா." ஒன்றும் ஆகாதாம். பஜார் வரை ஓட்டிப் பார்த்தோம், சத்தம் இல்லை. டிரைவர் தே. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. மத்தியானம் மலைக்குப் போய் வந்தான். மறுபடி அதே கத்தல். இப்போது எனக்குச் சிரிப்பு வந்தது, நான் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டுக்காரர்: "ரெண்டு சொட்டு வெளக்கெண்ணெ வுடும்மா, கம்முனு ஆயிடும்." விட்டால் சத்தத்தோடு பிரேக்கும் கம்மென்று ஆகிவிடும். அந்த அளவு எனக்கும் தெரியும்.

யோசித்ததில் ஒன்று உறைத்தது. புத்தூர் போய் வந்தால் கத்துவதில்லை. ஊருக்குள் சுற்றினால் கத்துவதில்லை. மலையிறங்கி வந்தால்தான். நாளைக்கு நானும் ஏறுகிறேன்.

வீட்டுக்காரர்: "பொம்பள முன்னாடி குந்திகினு போனா ஊரே சிரிக்கும்." சிரிக்கட்டும். பல் இருக்கிறவன் சிரிக்கிறான்.

மார்ச் 16, புதன்

மேகமூட்டம். தலைவலி. முன் சீட்டில் போனேன். ஏறும்போது வண்டி நல்ல பிள்ளை. மேலே மூட்டைகளை இறக்கினோம். லட்டு வாங்கவில்லை, வரிசை.

இறக்கம் ஆரம்பித்ததும் தே. சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தான். கியரையும் எடுத்துவிட்டான். வண்டி தானாக உருள்கிறது, காற்றுச் சத்தம் மட்டும்.

"இன்னாப்பா இது?"

"பெட்ரோல் மிச்சங்க்கா. அடிவாரம் வரைக்கும் ஒரு சொட்டு செலவில்ல."

மலை முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே. நாலாவது வளைவில் கருகல் நாற்றம். ஏழாவதில் கத்த ஆரம்பித்தது. பயந்தேன் என்றே எழுதுகிறேன், வெட்கம் என்ன.

நேரே நாகய்யாவிடம். மறுபடி கழற்றிக் காட்டினார். பிரேக் பட்டை சூட்டில் இறுகிக் கண்ணாடியாகப் பளபளக்கிறது. பட்டை உரசும் டிரம்முக்குள் நீலம் பூத்திருக்கிறது. "புதுப் பட்டை போட்டாலும் இப்படியே எறங்கினா மறுபடி இதே கதிதாம்மா. ரெண்டாவது கியர்ல எறங்கினா இன்ஜினே வண்டியை இழுத்துப் புடிக்கும்."

தே.யைத் திட்ட வாயெடுத்தேன். முந்திக்கொண்டான். "உங்க வூட்டு அண்ணன் கத்துக் குடுத்ததுக்கா. பெட்ரோல் மிச்சம் புடிச்சேன்னு பொங்கலுக்கு வேட்டி எடுத்துக் குடுத்தது யாரு? நீங்கதானே?"

நான்தான். ஜரிகை வேட்டி. நானே கடைக்குப் போய்ப் பொறுக்கி எடுத்தது.

மார்ச் 17, வியாழன்

பட்டை வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்தது. நாகய்யா ரிவெட் அடித்தார். டிரம்மை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது நான். கையெல்லாம் கரி, எத்தனை சோப்பு போட்டும் போகவில்லை. அடுத்த மாதம் எல்லை மாறுகிறதாம், டீக்கடையில் எந்த ஊர் எந்த ராஜ்யத்துக்கு என்று பெரிய சண்டை. எனக்கு என் சண்டையே போதும்.

கட்டிலிலிருந்து அவர்: "பத்து வருசமா அப்படித்தான் எறக்கினேன். செத்தா பூட்டேன்?"

"சாகாதவங்கதானே வந்து பேச முடியும்?"

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பூசணிக் கூட்டு. அவர் சாப்பிடவில்லை. எனக்கு நன்றாகவே இறங்கியது.

மார்ச் 18, வெள்ளி

முடி இறக்கியாயிற்று. குழந்தை அழவில்லை, தங்கச்சி அழுதாள். அவள் வீட்டுக்காரர் பார்க்கிறவர்களிடம் எல்லாம், "அடுத்த மாசத்துலேர்ந்து நாங்களும் உங்க ராஜ்யம்தான்."

எல்லோரும் ஏறினார்கள். தே. கை சாவிக்குப் போனது. நான் உள்ளங்கையால் சாவியை மூடினேன். "ரெண்டாவது கியர்ல, இன்ஜினை ஓடவிட்டு எறக்கு."

"பஸ்ஸுக்காரனுங்க கைகொட்டிச் சிரிப்பானுங்க. நீங்களே ஓட்டிக்குங்க." கதவைத் திறந்து இறங்கிவிட்டான்.

பின்னால் அத்தனை பேரும் அவன் கட்சி. "இன்னாக்கா, டிரைவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" சொன்னது என் தங்கச்சி.

எனக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் கையை எடுக்கவில்லை. எல்லோர் காதிலும் விழும்படி சொன்னேன்: "தேசப்பா, தப்பு உன்னுது இல்ல. மிச்சம் புடின்னு வேட்டி குடுத்தவ நான். என் தப்பு. பின்னாடி கொழந்தைங்க கீதுங்க. செலவானா ஆவட்டும்."

ஏறி உட்கார்ந்தான். "பழைய கணக்குக்குத்தான் பெட்ரோல் ஊத்திகினு வந்தேன். பத்தாதுக்கா."

சாக்கு என்று நினைத்தேன். "ஓட்டு."

வண்டி உறுமிக்கொண்டே ஊர்ந்தது. பின்னால் மூன்று பஸ், விடாத ஹாரன். ஒருவன் தலையை நீட்டித் தெலுங்கில் திட்டினான், நானும் தெலுங்கிலேயே திருப்பிக் கொடுத்தேன். ஏழாவது வளைவு தாண்டியது. பத்தாவதும். கருகல் இல்லை, கத்தல் இல்லை.

அடிவாரம் தாண்டி, ஊர் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இன்ஜின் இரண்டு முறை இருமி நின்றது. பெட்ரோல் காலி. அவன் சொன்னது சாக்கு இல்லை.

ஒவ்வொருவராகக் குதித்தார்கள். மொட்டைத் தலையில் சந்தனம், உச்சி வெயில். "இதுக்கு நடந்தே எறங்கி இருக்கலாம்" என்றார் தங்கச்சி வீட்டுக்காரர். கடைசிக் குழந்தை இறங்கும் வரை எண்ணினேன். ஒருவர் குறையவில்லை. அத்தனை பேரும் முழுசாக நின்று என்னைத் திட்டினார்கள்.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் தோள் கொடுத்தேன். "திட்டிகினே தள்ளுங்க" என்றேன்.