நூற்றுப் பதினான்கு மீட்டர் கம்பி வலை

அன்புள்ள என் வீட்டு மேலதிகாரிக்கு,

நான் நலம் என்று எழுதினால் நம்பமாட்டாய். உன் அக்கா வீட்டில் நீ நலமாகத்தான் இருப்பாய்; அங்கே கம்பி வலை கிடையாது. இங்கே கூடம் முழுக்க நான்கு சுருள். சமையலறைக்கு அதன்மேல் ஏறி இறங்கித்தான் போகிறேன். நேற்று நல்ல சட்டை மாட்டிக் கிழிந்தது. உன் கோழிகள் சுருளுக்குள் புகுந்து முட்டையிடுகின்றன. கை விட்டால் எட்டவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கோழிக்கு வேலி போட, பின்கட்டில் நட்ட மூன்று கம்பங்களையும் வரைபடத்தாளில் மீட்டர் கணக்கில் புள்ளி வைத்தேனே: முதல் கம்பம் (0,0), கிழக்கே தொட்டியோரம் (8,0), வடக்கே (0,6). நீ துணிக்கொடிக் கயிற்றைச் சுற்றிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இருபத்து நாலு மீட்டர் போதுங்க" என்றாய். "கணக்கு வாத்தியார் நானா, நீயா?" என்று கேட்டு, சீட்டில் 114 என்று எழுதிக் கொடுத்தேன். நீயும் அப்படியே கடைக்குப் போன் செய்தாய்.

வலை வந்து இறங்கியதும் கடைக்காரர், "சார், அடைக்கப்போறது கோழியா, யானையா?" என்றார். பக்கத்து வீட்டு டாக்டரம்மா வேறு சிரித்துவிட்டார். எனக்கு மானம் போயிற்று. "இவதான் போன்ல தப்பா சொல்லிட்டா" என்று வாய் கூசாமல் சொன்னேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சாயங்காலமே நீ பையோடு கிளம்பிவிட்டாய்.

மறுநாள் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். எட்டின் வர்க்கம் அறுபத்து நாலு, ஆறின் வர்க்கம் முப்பத்தாறு, கூட்டினால் நூறு. அதோடு நின்று, எட்டு, ஆறு, நூறு எனக் கூட்டி 114 போட்டிருக்கிறேன், பாவி! வர்க்கமூலம் எடுத்தால்தானே சாய்ந்த பக்கம் பத்து? எட்டும் ஆறும் பத்தும் நீ சொன்ன அதே இருபத்து நாலு. இந்தத் தப்புக்குத்தான் போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேரை நிற்க வைத்தேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று எழுதப்போய், அந்த வரியை அடித்துவிட்டேன். சறுக்கியது நான், உன்னை எதற்குத் தள்ளிவிட்டேன்?

வகுப்பில் சொன்னேன், மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். டாக்டரம்மாவிடமும் சொல்லியாயிற்று. இன்று கடைக்குப் போய், தப்பு என்னுடையது என்றேன். "அது அன்னைக்கே தெரியும் சார். உங்க வீட்டு அக்கா உங்களப் பாத்த பார்வையிலேயே புரிஞ்சுபோச்சு" என்றார். அந்தப் பார்வையை நான் கவனிக்கவே இல்லை. அங்கேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அக்கா, சகலை, பிள்ளைகள் எல்லார் முன்னாலும் சொல்வேன். யாரும் உள்ளே கூப்பிட வேண்டாம், வாசலிலேயே நிற்கிறேன். திரும்பி வருவதும் வராததும் உன் இஷ்டம். நான் சொல்லும்போது மட்டும் நீ அங்கே இரும்மா.

இப்படிக்கு,
உன்மேல் பழிபோட்ட
உன் வீட்டுக்காரன்