வெளியே போகாத பிரசாதம்

நவம்பர் 29, புதன்

லட்சுமித் தாயே, உனக்கு எழுதுவது தப்பென்றால் மன்னித்துவிடு. அம்மா உன்னிடம் வாய்விட்டே பேசுகிறாள். எனக்கு வாய் வருவதில்லை. கல்லூரியில்கூட வருகைப் பதிவுக்கு 'உள்ளேன்' சொன்னதோடு சரி. இந்த வீட்டின் முதல் பட்டதாரி!

குந்தளா அக்கா பாலேஸ்வரிலிருந்து ஒற்றைப் பையோடு வந்துவிட்டாள். இனிப் புருஷன் வீட்டுக்குப் போகமாட்டாளாம். அம்மா தெருவில் சொல்வது வேறு: "சும்மா, எங்களைப் பாக்க வந்திருக்கா."

நாளை மார்கசிர மாதத்தின் முதல் வியாழன். நீ வரும் நாள்.

நவம்பர் 30, வியாழன்

நெல் அளக்கும் படியில் புது நெல் நிரப்பி உன்னை உட்காரவைத்தோம். அக்கா பூ எடுத்து வந்தாள். "நீ தொடாதே. உன் லட்சுமி உன் மாமியார் வீட்டுல இருக்கா" என்றாள் அம்மா.

அப்பாவுக்கும் எனக்கும் பாயசம், மண்டா கொழுக்கட்டை. அக்காவுக்குப் பொரியும் டீயும். வியாழன் பிரசாதம் வேறு வீட்டுக்குப் போகக்கூடாது; கட்டிக்கொடுத்த பெண் வேறு வீடு.

"கொடுத்தா லட்சுமியும் கூடவே போயிடுவா" என்றாள் அம்மா.

"போகட்டுமே, எனக்கும் ஒரு துணையாச்சு" என்று அக்கா சிரித்தாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

டிசம்பர் 1

ஒரு மண்டாவை ஒளித்துவைத்துக் கொடுத்தேன். "திருடிக் கொடுத்தா அது பிரசாதம் இல்லடி மிலி, பலகாரம்." வாங்கவேயில்லை.

டிசம்பர் 7, வியாழன்

அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வியாழன் கதையை நான்தான் வாசிப்பேன். தாழ்ந்த சாதிப் பெண்ணின் வீட்டுக்குள் நீ போனதற்காக உன் புருஷனும் அவர் அண்ணனும் உன்னை வெளியே அனுப்பும் இடம் வந்தது. அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

"ஏன் நிறுத்திட்டே? எழுத்து தெரியலையா?"

"தெரியுதும்மா."

அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அவ தெய்வம்டி. போற இடமெல்லாம் அவளுக்கு வீடு. இவளுக்கு நான் இங்க இலை போட்டுட்டா, அங்க கதவை மூடிடுவாங்க. அப்புறம் எங்க போவா?"

கோபம் என்று நினைத்திருந்தேன். பயம்.

டிசம்பர் 10, ஞாயிறு

அக்காவின் மாமனார் போன் செய்தார். அடுத்த வாரம் கூட்டிப்போக வருவார்களாம். அம்மா "சரி" என்றுவிட்டாள்.

பிறகு அக்காவுக்கு எண்ணெய் தேய்த்தாள். காதுக்குப் பின்னால் போன விரல் ஒரு தழும்பில் நின்றது. "இது எப்போ?" அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். அம்மா விரலை எடுக்கவில்லை.

டிசம்பர் 14, வியாழன்

அக்கா பக்கத்துக் களத்தில் நெல் அடிக்கப் போய், கூலியாகப் புது நெல் வாங்கி வந்தாள். மாட்டுக்கொட்டிலை ஒட்டிய வைக்கோல் அறையைக் கூட்டி மெழுகி, அங்கே தனியாக உன்னை வைத்துவிட்டாள்! தனி அடுப்பு, தனிப் பாயசம். அம்மா பார்த்தாள். தடுக்கவில்லை.

நான் வாசலில் போய் நின்றேன். ஏலக்காய் வாசனை.

"எனக்கு?"

"இந்த வீட்டுப் பிரசாதம் வெளியே போகாதுடி" என்று சிரித்தவள், சிரிப்பு முடியுமுன்பே அழுதாள். நானும்தான். அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டு எத்தனை நாளாயிற்று தாயே... இன்றைக்கு வேறு வீடு நான்.

டிசம்பர் 20, புதன்

நாளை கடைசி வியாழன். காலையில் அக்காவின் மாமனார் மறுபடி போன் செய்தார், நாளை வருகிறார்களாம். அம்மா எடுத்தாள். சொல்லியே விட்டாள்: "நாளைக்கு அவ வீட்டுல பூஜை. அவ வரமாட்டா. நீங்களும் வரவேணாம்."

அவ வீடு!

மாலையில் அரிசிமாவு கரைத்து, வழக்கம்போல் தெருவிலிருந்து நம் வாசல்படி வரை உன் பாதங்களை வரைந்தாள். மாவு மிச்சமிருந்தது. முற்றத்தில் திரும்பி, வைக்கோல் அறை வரைக்கும் இன்னொரு வரிசை. நான் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே குனிந்து நடந்தேன்.

இத்தனை நாள் கேட்காததை இப்போது கேட்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடாதே. விடியுமுன் வருவாய். முற்றத்தில் வழி பிரியும். முதலில் அக்கா வீட்டுக்குப் போ. நாங்கள் காத்திருக்கிறோம்.