எர்சிலியா எண்ணிய தலைகள்

ஜூன் 30, ஞாயிறு

பூசை முடிந்ததும் சாமி ஃபியோரென்சோ அறிவித்தார். பங்குக்காரர்களின் பேருந்து இந்தக் கோடையில் லிகூரியக் கடற்கரை நெடுகப் போகிறது. நான் பெயர் கொடுத்துவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நாற்பது வருடமாகக் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள் ஆயிற்றே.

எர்சிலியாவும் வருகிறாள். அதனால்தான் போகிறேன்.

ஜூலை 3, புதன்

அவள் மகள் மிரெல்லா ரொட்டிக்கடையில் சொன்னாள், "அம்மாவுக்கு எதுவுமே நினைவுல நிக்கலை அத்தை." ரொட்டி வாங்காமலே திரும்பினேன். பரிதாபம் இல்லை. அவள் மறந்துவிட்டால் நான் யாரைக் கோபித்துக்கொள்வது?

நாற்பது வருடத்துக்கு முன், என் மகன் இவோவுக்கு அப்போது பதினாறு வயது. இதே மாதிரிப் பங்குப் பேருந்து. மொனேலியாவைத் தாண்டி ஒரு கூழாங்கல் கரை. எங்கள் ஊரில் வண்டி கிளம்பினால் மாதா சுரூபம் முன் இருக்கையில் வரும், அவளும் ஒரு பயணி. ஆள் எண்ணும் வேலை எர்சிலியாவுக்கு. காலையில் மாதாவை விட்டு எண்ணினாள். மாலையில் மாதாவைச் சேர்த்து எண்ணினாள். கணக்கு சரியாக வந்தது. "எல்லாரும் வந்தாச்சு, எடுங்க" என்றாளாம். என் பிள்ளை ஏறவே இல்லை. நான் ஊரில் திராட்சைக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தேன்.

பொழுது சாயும்போது பாறைமேல் ஒரு பையன் நின்று கையசைத்ததை ஒரு மீன்காரர் பார்த்திருக்கிறார். படகோடு போனபோது பாறையில் யாரும் இல்லை. உடலும் கிடைக்கவில்லை.

ஊருக்கே தெரியும். அவள் மட்டும் ஒப்புக்கொண்டதில்லை. "அவன் ஏறுனதை என் கண்ணால பார்த்தேன், வழியில இறங்கியிருப்பான்." நாற்பது வருடம் இதே பேச்சு. அந்தக் கரையில், எல்லார் முன்னாலும், அவள் வாயால் உண்மையை வாங்க வேண்டும். அவள் மறப்பதற்குள்.

ஜூலை 8, திங்கள்

நோலியில் இறங்கி ஏறினோம். சாமி எண்ணி முடித்தார். எர்சிலியா திடீரென்று, "ஒருத்தர் குறையுது" என்றாள்.

கசாப்புக்கடை வால்தர் பின்னாலிருந்து, "உன் மூளைதான் எர்சிலியா, சீட்டுக்கு அடியில தேடிப் பாரு" என்றான். வண்டியே சிரித்தது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூலை 9

அறை சன்னல் கடலைப் பார்த்து இருக்கிறது. சாத்திவிட்டேன். சாத்தினாலும் கேட்கிறது.

ஜூலை 10, புதன்

கமோலி. மதியம் பொரித்த நெத்திலி. நான் தொடவில்லை. இந்தக் கடலில் என் பிள்ளை கிடக்கிறான், அது தருவதை நான் எப்படித் தின்பேன்?

எதிரில் எர்சிலியா. என் வெறும் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சாப்பிடுங்கம்மா, நல்லாத்தான் இருக்கு. நீங்க எந்த ஊரு?"

போயிற்று. தாமதமாகிவிட்டது. நாற்பது வருடம் நான் முகம் கொடுக்காமல் இருந்தது அவளுக்குத் தெரியவே தெரியாது இனி. இதற்கா வந்தேன்?

ஜூலை 11, வியாழன்

 இன்றே எழுதிவிடுகிறேன்.

அந்தக் கரை. மாறவே இல்லை, அந்தப் பாறையும் அப்படியே. நான் வண்டியை விட்டு இறங்கவில்லை. சாயங்காலம் எல்லாரும் ஏறினார்கள். சாமி எண்ணினார். "சரியா இருக்கு, போலாம்."

எனக்கு முன்னால் எர்சிலியாவின் இருக்கை காலி. நாலு நாளாக அந்தப் பிடரியை முறைத்துக்கொண்டு வந்தவள் நான், எனக்குத் தெரியாதா?

வாயை மூடிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம்தான். வண்டி உறுமியது. பாறை சன்னலில் நகர ஆரம்பித்தது. அவன் அங்கே நின்று இந்த வண்டியைத்தானே பார்த்திருப்பான்?

"சாமி, மாதாவையும் எண்ணுனீங்களா?"

அவர் முகம் செத்துப்போனது. ஓட்டுநர் நிறுத்தினார்.

எர்சிலியா செருப்போடு முழங்கால் தண்ணீரில் நின்றாள். பாறையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். "இவோ, வாடா. வண்டி போயிரும்டா. தப்பா எண்ணிட்டேன்டா, மாதாவைச் சேர்த்து எண்ணிட்டேன். ஏறி வாடா கண்ணு."

என் பின்னால் எல்லாரும் நின்றார்கள். வால்தர் தொப்பியைக் கழற்றினான். நான் கேட்க வந்த வார்த்தை அதுதான். எனக்குச் சொல்லவில்லை அவள். அவனுக்குச் சொன்னாள்.

தண்ணீரில் இறங்கி அவள் கையைப் பிடித்தேன். "வா எர்சிலியா."

"ஒருத்தர் குறையுதும்மா."

"தெரியும்."

ஜூலை 14, ஞாயிறு

மிரெல்லா வாசலில் வந்து நின்றாள். "அம்மா படுக்கவே மாட்டேங்குறா அத்தை. ஜீசா பையன் இன்னும் வரலைன்னு உங்க பேரைச் சொல்லிச் சொல்லிக் கதவுகிட்டயே நிக்கிறா. மூணு நாளாச்சு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொன்னா..."

"நான் படுத்தேனா இத்தனை வருஷம்?" கதவைச் சாத்தினேன்.

ஜூலை 16

அவள் வீட்டில் விளக்கு எரிகிறது. இங்கிருந்தே தெரிகிறது.

ஜூலை 19, வெள்ளி

போனேன். எர்சிலியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கால் வீங்கியிருந்தது.

"இவோ வந்துட்டான்" என்றேன். "சாப்பிட்டுப் படுத்துட்டான். நீயும் போய்ப் படு."

"நிஜமாவா? தலையெல்லாம் ஈரமா இருந்துச்சா?"

"துவட்டிவிட்டேன்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு தானாகக் கட்டிலுக்குப் போய்ப் படுத்தாள், சின்னப் பிள்ளை போல. பக்கத்தில் உட்கார்ந்த நான் எழுவதற்குள் தூங்கிவிட்டாள்.

வீட்டுக்கு வந்தேன். கதவைத் தாழிடக் கை வரவில்லை.