புறாவுக்கு மட்டும் தமிழ்

செவ்வாய், வாகட்.

வெளிமாநிலத்தில் வளரும் என் மகள் மீராவுக்குத் தமிழ் வரட்டும் என்று, புறா வளர்ப்பது பற்றிய தமிழ்ப் படக்கதை ஒன்றை வாங்கி வாசித்துக் காட்டினேன். அதில் புறா சோபாவில் உட்கார்ந்து தோசைக்குத் தமிழில் சண்டை போடும். விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் என்னிடம் பேசியது வழக்கம்போல இந்தியில்தான்.

இன்று பால்கனியில் தமிழ் கேட்டது. கொடிக்கம்பியில் உட்கார்ந்திருந்த புறாவிடம், "உள்ள வா. அம்மா திட்டமாட்டாங்க. தோசை இருக்கு" என்கிறாள்.

"என்கிட்ட ஏண்டி இப்படிப் பேசமாட்டேங்கிற?"

"உங்களுக்கு இந்தி தெரியும் மம்மா. பாவம், அதுக்குத் தமிழ் மட்டும்தானே தெரியும்?" என்றாள். அதையும் இந்தியில்.

நாளை காலை பால்கனிக்கு வலை கட்ட ஆள் வருகிறார். எச்சம் கழுவி அலுத்துப்போய் நான்தான் வரச் சொன்னேன். கட்டச் சொல்வதா, திருப்பி அனுப்புவதா? அனுப்பினால் காரணம் கேட்பார். அதை நான் இந்தியில் சொல்லியாக வேண்டும்.